சார்ஜ் ஷெட்காரர்

அவர் யாருக்கும் எதையும் இல்லை என்று சொன்னதே கிடையாது. இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை என்பது போகப் போகத் தெரியும்.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் உள்ள ஒரு ஷூ கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. தைத்து வரும் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூல் பிசிறு இருந்தால் ஒதுக்கிப் போட வேண்டும். குற்றம் கண்டுபிடிப்பதே பிழைப்பாகப் போனதால் மனிதர்களையும் அப்படியே பார்த்துப் பழகிவிட்டேன். அவருடைய குற்றமும் எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஐந்தாறு வருடம் அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

கம்பெனி பார்க்கிங்கில் ஓர் ஓரமாகத் தகர ஷெட் போட்டு, சுவரில் ஆறு பிளக் பாயிண்ட் வைத்தார்கள். மேலே ஒரு போர்டு. மின்சார வண்டி வைத்திருக்கும் ஊழியர்கள் அனைவருக்கும் சார்ஜ் வசதி இலவசம் என்று எழுதியிருந்தது. அந்தப் போர்டை நம்பித்தான் எங்களில் பாதிப் பேர் தவணையில் பேட்டரி ஸ்கூட்டர் எடுத்தோம். டவுனில் வாடகைக்கு இருப்பவர்களை வீட்டுக்காரர்கள் சார்ஜ் போட விடுவதில்லை. கிராமத்திலிருந்து வருபவர்களுக்கு வீட்டில் வோல்டேஜ் நிற்பதில்லை. ஆகவே சாயங்காலம் வீடு போய்ச் சேர அந்த ஆறு பிளக்கில் ஒன்று கிடைத்தே ஆக வேண்டும். வண்டிகளோ முப்பதுக்கு மேல். எந்த வண்டிக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் போட்டார்கள். அதற்கு முன் பஸ் ஸ்டாண்டு பக்கத்து சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவர்.

வயது ஐம்பத்தைந்து இருக்கும். ஒல்லி. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கலையாத திருநீறு. தோளில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி. பிளக்கைச் செருகுவதற்கு முன் அந்தத் துணியால் அதன் மூன்று கால்களையும் ஒருமுறை துடைப்பார். உருவிய பிறகு ஒயரைச் சுருட்டி, முறுக்கு இல்லாமல் வண்டியின் கொக்கியில் மாட்டுவார். அவ்வளவு சுத்தமான கையை எங்கள் கம்பெனியில் வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. இன்னொரு விதத்திலும் அந்தக் கை சுத்தம். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால்கூடக் குடிக்க மாட்டார். காசு வாங்குகிறவராக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை என்று பிற்பாடு நினைத்திருக்கிறேன்.

காலையில் வண்டியை நிறுத்தியதும் சாவியைச் சுவரில் இருக்கும் ஆணிப் பலகையில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட வேண்டும். வேலை நேரத்தில் நாங்கள் வெளியே வர முடியாது. அவரே வண்டிகளை நகர்த்தி, மாற்றி மாற்றிப் பிளக் போடுவார். சாயங்காலம் அவர் கையால்தான் சாவியை எடுத்துத் தருவார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கேட்க வேண்டும்.

“ஒரு வார்த்த கேட்டா போதும். நான் இன்னா இல்லன்னா சொல்லப்போறேன்?” இதைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருப்பார்.

கேட்பதிலும் முறை உண்டு. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டும். போனில் கேட்டால் காதில் விழாது. நேற்றுக் கேட்டது நேற்றோடு போயிற்று, இன்றைக்கு மறுபடியும் கேட்க வேண்டும். நான் வண்டி எடுத்து வந்த முதல் நாளே அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, “அண்ணே, கொஞ்சூண்டு சார்ஜ் போட்டு வுடறீங்களா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்” என்றேன். அந்த முகம் அப்படியே இளகிவிட்டது. அன்றிலிருந்து என் வண்டி ஒருநாளும் குறைச் சார்ஜில் வீட்டுக்குப் போனதில்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் கேட்ட மாத்திரத்தில் தன் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனார். என்னைவிட அவர்தான் சந்தோஷமாகப் போனார்.

கேட்காதவர்கள் வண்டியையும் அவர் ஒதுக்க மாட்டார். பிளக் போடுவார். அரை மணி நேரம் கழித்து, துடைத்து, உருவி, சுருட்டி மாட்டிவிடுவார். சாயங்காலம் அவர்கள் வந்து சண்டை போட்டால் குரலை உயர்த்தாமல், “போட்டனே, போடலன்னா சொல்லு. பத்தலன்னா ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே” என்பார்.

மேலே இருந்த புது மேனேஜரையும் அவர் விட்டு வைக்கவில்லை. மேனேஜர் மின்சாரக் கார் வாங்கி, அதற்கென்று தனியாக ஒரு பாயிண்ட் வைத்துக்கொண்டு, தானே பிளக் போட்டுவிட்டு மாடி ஏறிப் போய்விடுவார். அந்தப் பிளக்கில் இவர் கை வைக்க முடியாது. மூன்றாம் நாள் ஸ்விட்ச் போர்டில் அந்தப் பாயிண்டின் டிரிப்பரைத் தட்டிவிட்டார். மேனேஜர் இறங்கி வந்து, ஏன் ஏறவில்லை, கொஞ்சம் பார்க்கிறீர்களா என்று கேட்டதும், “இதோ சார்” என்று ஓடிப்போய்ப் போட்டுவிட்டார். பிறகு அந்த நாள் முழுக்க அவரிடம் எது கேட்டாலும் கிடைத்தது. நாங்கள் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். கோட்டை மலை அடிவாரத் தெரு, மதியம் ஆனால் பாறைச் சூடு வீட்டுக்குள் இறங்கிவிடும். அவர் மனைவிக்கு இரண்டு முட்டியும் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வேர்த்து வழிய நின்றவர் கணவரைப் பார்த்து, “பேன் போடட்டுங்களா?” என்றார். இவர் தலையை அசைத்த பிறகுதான் சுவிட்சைப் போட்டார். கிளம்பும்போது, “இவங்களோட தெருமுனை வரைக்கும் போய்ட்டு வரட்டுங்களா?” என்றார். அதற்கும் தலை அசைந்தது. தெருமுனையில் அந்த அம்மா என்னிடம், தங்கச்சி வீட்டுக்குப் போய் வரக்கூட ஒருநாளும் தடுத்ததில்லை, கேட்டால் போதும், தங்கமான மனுஷன் என்றார். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செல்வி வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. சீயமங்கலம் பக்கத்து ஊர். பி.காம். படித்துவிட்டுத் தையல் லைனில் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தாள். தினமும் அவ்வளவு தூரம் ஸ்கூட்டரில் வந்து போனாள். முதல் வாரம் அவள் வண்டி வழியில் நின்றுபோனது. இரண்டாம் வாரமும் நின்றது. பெரியவள் மாதிரி கூப்பிட்டு வைத்து நான்தான் சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்தேன். காலையில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான், வாயில் இருக்கும் முத்தா உதிர்ந்துவிடப் போகிறது என்றேன்.

அவள் நூலை வெட்டியபடியே சொன்னாள். “எங்க நைனா குடிக்கிற தண்ணிக்கே தெருமுனையில நின்னு கேட்டவரு. அவங்க ஊத்துற வரைக்கும் கைய ஏந்திக்கினே நிக்கணும். எனக்கு அவரு சொன்னது ஒண்ணுதான். எவன் முன்னாடியும் போயி நின்னு கேக்காத, படிச்சி வாங்கிக்கன்னாரு. போர்டுல எல்லாருக்கும்னு போட்டிருக்குது. இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்குது?”

எனக்கு அது வீம்பாகத்தான் பட்டது. என் வீட்டில் யாரும் தெருமுனையில் கையேந்தி நின்றதில்லை. நின்றவர்களுக்கு ஊற்றியவர்கள் நாங்கள். அதனால்தான் கேட்பது எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

செல்வி ஆபீசில் எழுதிக் கொடுத்தாள். அவர்கள் இவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு, அந்தப் பொண்ணு வேணும் என்று இதுவரைக்கும் சொன்னதே இல்லை சார் என்றார். அது உண்மைதான். ஆபீசில் செல்வியிடம், “சொல்லிட்டுப் போட்டுக்கம்மா, இதுல இன்னா இருக்குது” என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாளிலிருந்து அவள் வண்டிக்கு அரை மணி கால் மணியாகிவிட்டது. வழியில் ஏதாவது கடையில் காசு கொடுத்து, மணிக்கணக்கில் சார்ஜ் போட்டுக்கொண்டுதான் அவள் வீடு போய்ச் சேர்வாள். அவள் பிளக்கை உருவியதும் அந்த இடத்தில் பெரும்பாலும் என் வண்டியைத்தான் கொண்டுபோய் நிறுத்துவார். எனக்குத் தெரியும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஓர் அமாவாசை அன்று காலை பதினொரு மணிக்கு லைன் சூப்பர்வைசர் செல்வியிடம் வந்து, ஊரிலிருந்து போன் வந்திருப்பதாகச் சொன்னார். நைனாவுக்கு மூச்சு வாங்குகிறது, இவளைத்தான் தேடுகிறார், உடனே வரச் சொல்கிறார்கள். என்னையும் கேட் வரை துணைக்குப் போகச் சொன்னார். அமாவாசையில் பஸ் எல்லாம் மேல்மலையனூர்க் கோயில் பக்கமே ஓடும். ஷேர் ஆட்டோவும் அங்கேதான். மற்ற ஊர்க்காரர்கள் அன்றைக்குக் காத்துக்கிடக்க வேண்டியதுதான். அவளுக்கு இருந்தது வண்டி ஒன்றுதான்.

ஷெட்டில் அவள் வண்டி சுவரை விட்டுத் தள்ளி நின்றது. ஒயர் அழகாகச் சுருட்டி மாட்டியிருந்தது. பலகையிலிருந்து தானே சாவியை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகலாம். அவள் ஊருக்கு அதைப்போல மூன்று பங்கு தூரம்.

அவர் எழுந்து வந்தார். செக்யூரிட்டி மூலமாக விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. கம்பெனிக்குச் சொந்தமான ஸ்கூட்டர் ஒன்று, வெளி வேலைக்காக எப்போதும் முழுச் சார்ஜில் நிற்கும். அதன் சாவி அவர் விரலில் தொங்கியது.

“இது புல் சார்ஜில இருக்குதும்மா. ஒரு வார்த்த கேளு. எடுத்துக்கினு போ. நான் இன்னா இல்லன்னா சொல்லப்போறேன்?”

செல்வி அவரைப் பார்த்தாள். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கேளும்மா, கேளும்மா என்று இரண்டு மூன்று முறை சொன்னார். கேட்கச் சொல்லி அவர்தான் அவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். நானும் அவள் முழங்கையைப் பிடித்து, “கேட்டுடுடி, நைனா மூஞ்சியப் பாக்க வேணாமா?” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் கண் எனக்குப் பின்னால் போனது. அங்கே அவள் இடத்தில் என் வண்டி நின்றுகொண்டிருந்தது. நூறு சதவீதம் ஏறிப் பச்சை விளக்கு எரிந்தது. என் சாவி பலகையில், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கொடுத்தால் நாளையிலிருந்து என் பிளக்கும் உருவப்படும் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் சாவியைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் தன் வண்டியிலேயே போனாள். அது செஞ்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. ஒரு பஞ்சர் கடையில் விட்டுவிட்டு, மல்லாட்டை மூட்டை ஏற்றிய டிராக்டரில் கொஞ்ச தூரம், நடந்து கொஞ்ச தூரம் என்று போய்ச் சேர்ந்திருக்கிறாள். வாசலில் பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்களாம். உயிர் போய் அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

சாவு வீட்டுக்கு அவரும் மாலையோடு வந்தார். செல்வியின் நைனா காலடியில் மாலையை வைத்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். திரும்பி வரும்போது என்னிடம், “ஒரு வார்த்த கேட்டிருந்தா உசுரோட பாத்திருக்கும், பாவம்” என்றார். அத்தோடு விடவில்லை. பஞ்சர் கடையிலிருந்து அவள் வண்டியை மினி வேனில் ஏற்றி வந்து, கழுவித் துடைத்து, முழுச் சார்ஜ் ஏற்றி, மூன்றாம் நாள் அவரே ஓட்டிப்போய் அவள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். எங்களில் பலர் அவரைப் பெரிய மனசுக்காரர் என்று சொன்னார்கள்.

காரியம் முடிந்து செல்வி வேலைக்கு வந்த முதல் நாள், சாயங்காலம் போய்ப் பார்த்தால் அவள் பிளக் உருவப்பட்டிருந்தது. ஒயர் முறுக்கு இல்லாமல் சுருட்டி மாட்டியிருந்தது.

இப்படி ஒன்றரை வருடம். பிறகு கம்பெனி நிறையப் பாயிண்ட் வைத்து, எல்லாவற்றிலும் மெஷின் மாட்டியது. எங்களுடைய அடையாள அட்டையை அதில் தட்டினால் பச்சை விளக்கு எரியும், கரண்டு வரும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆணிப் பலகையைக் கழற்றிக் குப்பையில் போட்டார்கள். இனி ஆள் தேவையில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை அவரிடம் சொல்லிவிட்டார்கள். நாங்கள் முப்பது பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்திருந்தால் தோட்ட வேலைக்காவது வைத்துக்கொண்டிருப்பார்கள். அவர் எங்களைக் கேட்கவில்லை. நாங்களும் எழுதவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது போன சித்திரையில். பகல் ஷிப்ட் முடிந்து பார்க்கிங்குக்கு வந்தோம். கேட் வழியாக ஒரு பழைய பேட்டரி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் அவர் மனைவி கம்பை ஊன்றி நடந்து வந்தார். அந்த அம்மாவுக்குத் திண்டிவனத்தில் முட்டி ஆபரேஷன் நடந்திருந்தது. கட்டுப் பிரித்துவிட்டு வருகிற வழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர், தார் ரோடு கொதித்தது. செக்யூரிட்டி பழைய பழக்கத்தில் உள்ளே விட்டுவிட்டார்.

அவர் வண்டியை ஒரு மெஷின் பக்கத்தில் நிறுத்திவிட்டு நின்றார். அவரிடம் அட்டை இல்லை. எங்கள் எல்லோர் கழுத்திலும் தொங்கியது. இருபது பேருக்குமேல் இருந்தோம். ஒருவரும் அவரவர் வண்டியை எடுக்கவில்லை. ஹெல்மெட்டைத் துடைப்பது போலவும், போனைப் பார்ப்பது போலவும் நின்றோம். நான் அவருக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றேன். அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இத்தனை வருடம் இந்த மனிதரிடம் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், இவர் ஒரு தடவை கேட்கட்டும் என்று எனக்கு இருந்தது. அதில் எனக்கு ஒரு ருசிகூட இருந்தது. மறைப்பானேன்.

அந்த அம்மா, “யாராச்சும்...” என்று ஆரம்பித்தார். இவர் கையைக் காட்டினார். அந்த அம்மா வாயை மூடிக்கொண்டார்.

அவருடைய உதடு லேசாகப் பிரிந்தது. அப்போதுதான் செல்வி பின்னாலிருந்து விறுவிறுவென்று வந்தாள். அட்டையை மெஷினில் தட்டினாள். அவர் வண்டியின் ஒயரை எடுத்துச் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பித் தன் வண்டிக்குப் போய்விட்டாள்.

அவர் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். தோளில் மஞ்சள் துணி இல்லை. சட்டை நுனியை இழுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, பிளக்கை உருவினார். ஒயரை முறுக்கு இல்லாமல் சுருட்டிக் கொக்கியில் மாட்டினார். “கொஞ்ச நேரம் இருக்கட்டுங்களா, கால் வலிக்குதுங்க” என்று அந்த அம்மா கேட்டார். எனக்குத் தெரிந்து அவர் தலையை அசைக்காதது அந்த ஒருமுறைதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டினார். அந்த அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் வெயிலில் நடந்தார். வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூட்டம் கலைந்தது. நான் செல்வியிடம் போய், எத்தனை பெரிய மனசுடி உனக்கு என்றேன்.

“மனசாவது ஒண்ணாவது” என்றாள். “கேக்கறதுக்கு வாயத் தொறக்கப் போனாருடி, ஒதடு அசஞ்சிது. கேட்டுட்டா எனக்குப் பண்ணதுக்கெல்லாம் சரியாப் போச்சுன்னு அவரு பாரம் எறங்கிடும். எறங்க வுடக் கூடாதுன்னுதான் ஓடியாந்து தட்டுனேன்.”

அவள் என் கையைப் பார்த்தாள். அட்டை இன்னும் கையிலேயேதான் இருந்தது.

“நீ எதுக்கு இதப் புடிச்சிக்கினு நின்ன?”

“ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்டி” என்றேன்.

செல்வி ஹெல்மெட்டைக் கையில் எடுத்தாள். “அன்னிக்கும் ஒன் வண்டி புல் சார்ஜிலதான் நின்னுது” என்று சொல்லிவிட்டு, அதை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.